ராஜாவின் தகப்பனார்

"டேய் பட்டாபி, குடி கெட்டுச்சுடா! எங்க அய்யா வந்துட்டாரு. ஒத்தையில வரலை, ஊரையே வண்டி கட்டிக் கூட்டியாந்துட்டாரு!"

திரைச்சீலை ஓட்டையில் வைத்திருந்த கண்ணை எடுத்துவிட்டு அலறினான் காசிமாயன். ராணி வேஷத்தில், கொண்டையும் கொலுசுமாக நின்று அலறியதால் அந்த அலறல்கூட லட்சணமாகத்தான் இருந்தது.

மதுரையில் அவர்கள் காலேஜின் ஆண்டு விழா நாடகம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான். கதை, பாட்டு, டைரக்ஷன் எல்லாம் பட்டாபிராமன். அந்தக் காலத்தில் எந்த வீட்டுப் பெண் மேடையேறுவாள்? ராணிக்கு ஆள் தேடி அலைந்தவனுக்கு, வாய் திறந்தால் ஆளை உருக்குகிற குரலோடு அகப்பட்டவன்தான் பி.ஏ. வகுப்புக் காசிமாயன்.

"வந்தா என்னடா? பிள்ளை பாட்டைக் கேட்டுட்டுப் போறார்" என்றான் பட்டாபிராமன்.

"நீ சொல்லுவே! ராஜா வேஷம் கட்டுறதா வீட்ல சொல்லி வச்சிருக்கேன். எங்க ஊர்ல ஒருத்தன் நாடகத்துல சீலை கட்டுனான். 'என் மகன் இப்படி நின்னா மறுநாளே காலேஜுக்கு முழுக்கு, கையில ஏருதான்'னு ஊரே கேக்கச் சொன்ன மனுசன்டா எங்க அய்யா!"

காசிமாயனின் அய்யா விருமாண்டி சொன்னதைச் செய்கிற ஆள் என்பது பட்டாபிராமனுக்கும் தெரியும். ஒரு தடவை ஹாஸ்டலுக்கு வந்து அவர் போட்ட சத்தத்தில் ஒரு வாரம் சாம்பாரில் பருப்பு இருந்தது.

பட்டாபிராமன் சுற்றுமுற்றும் பார்த்தான். மூலையில் ராஜா வேஷக்காரன் சுப்பராமன் தாடி ஒட்டிக்கொண்டிருந்தான்.

"சுப்பு, இன்னிக்கு ஒரு நாள் நீதான்டா காசிமாயன்."

"ஐயையோ! நான் என்னடா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். கீழேருந்து எவனாவது காசிமாயான்னு கத்தினா கையை ஆட்டு. தாடி, மீசை, கிரீடம் எல்லாம் போக உன் மூஞ்சியில மிச்சம் இருக்கறது மூக்கு மட்டும்தான். அதை வச்சு யார் கண்டுபிடிக்கப் போறா?"

காசிமாயனுக்கு இன்னொரு பூச்சு பவுடர் அப்பப்பட்டது. திரை தூக்கியாகிவிட்டது.

ராஜா நுழைந்ததுமே விசில் பறந்தது. "ஏலே காசிமாயா! எங்க ஊரு சிங்கம்டா!" என்று முன்வரிசையே எழுந்து நின்றது. சுப்பராமன் பாட்டின் நடுவில் கையை ஆட்டினான். ஆட்டின ஆட்டில் அடுத்த அடி அவனுக்கு மறந்துபோக, ஆர்மோனியக்காரர் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துச் சமாளித்தார்.

ஊரே கூத்தாடியது. விருமாண்டி மட்டும் கை தட்டவில்லை. ராணி வந்ததிலிருந்து அவர் கண் ராணியை விட்டு நகரவே இல்லை. காட்டில் ராணி தனியாக நின்று புலம்பிப் பாடியபோது நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். அதைப் பார்த்த காசிமாயன் எப்படியோ பாடி முடித்து உள்ளே ஓடி வந்தான்.

"பட்டாபி, எங்க அய்யா என்னையவே முறைக்கிறாருடா!"

"முறைக்கலைடா, சொக்கிப் போயிருக்கார். துண்டால கண்ணைத் துடைச்சுக்கறார் பாரு. என் பாட்டுன்னா சும்மாவா?"

கடைசிக் காட்சி. சிங்காதனத்தில் ராஜாவும் ராணியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். விருமாண்டி எழுந்தார். கையில் ஆள் உயர ரோஜா மாலை. விறுவிறுவென்று மேடைப் படி ஏறினார்.

பிடித்த நடிகனுக்கு ஆட்டத்தின் நடுவிலேயே மேடையேறி மாலை போடுவது அப்போதெல்லாம் வழக்கம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆட்டமே நின்று வழி விடும். தாடி, பவுடர் என்று எல்லாவற்றையும் யோசித்த பட்டாபிராமன் இதை யோசிக்கவே இல்லை. திரையோரத்தில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஆர்மோனியம் நின்றது. காசிமாயன் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். போச்சு. படிப்பும் போச்சு, பாட்டும் போச்சு. இதைவிட முதல் காட்சியிலேயே மயக்கம் போட்டு விழுந்திருக்கலாம்.

விருமாண்டி ராஜாவுக்கு ஒரு முழ தூரத்தில் நின்று, அவனை ஏற இறங்கப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாத சுப்பராமன், பழக்க தோஷத்தில் கையை ஆட்டினான்.

அடுத்த நொடி மாலை அவன் கழுத்தில் விழுந்தது. கிரீடம் கோணும்படி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்ட விருமாண்டி, கூட்டத்தின் பக்கம் திரும்பி முழங்கினார்.

"பாத்துக்கங்கடா! என் மகன் ராஜாடா, ராஜா!"

கொட்டகை அதிர்ந்தது. பட்டாபிராமன் இருந்த இடத்திலேயே சரிந்து உட்கார்ந்தான். பிழைத்தோம் என்ற நினைப்பில் காசிமாயனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

இறங்கப் போன விருமாண்டி ராணியின் பக்கத்தில் நின்றார். ஊர்க்காரர்களின் விசில் சத்தம் ஓயவில்லை. குனிந்து, ராணியின் காதோடு சொன்னார்.

"ஊரு அவனையே எம் மகன்னு நெனச்சுட்டுப் போகட்டும், நீ காலேஜுக்குப் போற வழியப் பாரு. அழுகாதடா, மை கரையுது. கல்யாணத்தன்னைக்கு உங்க ஆத்தாளும் அச்சு அசலா இதே மூஞ்சியோடதான் அழுதுக்கிட்டு எம் பக்கத்துல நின்னா."