திரை ஏன் இருண்டது?

"தலைக்குள்ள கரண்ட் விடுவீங்களா டாக்டர்?"

கேட்ட இராஜம்மாவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. மலேசியாவின் சுபாங் ஜெயாவில் இருந்த அந்தச் சிகிச்சை நிலையத்தில் ஏர்கான் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"நான் டாக்டர் இல்ல ஆன்டி, தெரப்பிஸ்ட். கரண்ட் எதுவும் உள்ள போகாது. உங்க மூளையில ஓடுற அலையை இந்த ஒயர் படிக்கும், அவ்வளவுதான் லா," என்றாள் வசுந்தரா.

'படிக்கும்' என்றதும் இராஜம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நான் என்ன நினைக்கிறேன்னு தெரிஞ்சிடுமா?"

"தெரியாது ஆன்டி. நீங்க அமைதியா இருந்தா திரையில படம் பளிச்சுன்னு இருக்கும். பயந்தா மங்கிடும். பார்க்கப் பார்க்க மூளை தானாப் பழகிக்கும்."

மூன்று வாரமாக இராஜம்மாவுக்குத் தூக்கமில்லை. கிள்ளானில் ஒரு சாயங்காலம், கொட்டும் மழையில் குடையைத் தாழ்த்திப் பிடித்து நடந்தவளின் கைப்பையை, பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவன் பறித்துக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து மோட்டார் சத்தம் கேட்டாலே அவள் கதவைத் தாழிட்டுக்கொள்வாள்.

அவளைவிட அதிகம் துடித்தவன் மகன் யுகேந்திரன். பத்துமலையில் காவடி எடுக்க விரதம் இருக்கும் பிள்ளை. ஒருவேளைச் சோறுகூட அவனுக்கு இறங்கவில்லை. இந்த இடத்தைத் தேடிப் பிடித்து அவளை அழைத்து வந்ததும் அவன்தான்.

"மிஸ், இதுல மறந்துபோனது ஞாபகம் வருமா? மோட்டார் நம்பர், ஆளு அடையாளம்?" என்று கேட்டான்.

"இது அதுக்கான மெஷின் இல்ல தம்பி. போலீஸ்ல என்ன சொன்னீங்க ஆன்டி?"

"ஹெல்மெட் போட்டிருந்தான். நான் ஒண்ணும் பாக்கல," என்றாள் இராஜம்மா அவசரமாக. பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த ரிப்போர்ட் போலீசுக்குப் போகுமாம்மா?"

"நீங்க சம்மதிக்காம யாருக்கும் குடுக்க மாட்டோம்."

வசுந்தரா பசை தடவி ஒயர்களைத் தலையில் ஒட்டினாள். திரையில் ஓர் ஏரி தெரிந்தது. சற்று நேரத்தில் மெல்ல வெளிச்சம் கூடியது.

"பாத்தீங்களா, நல்லா வருது. தம்பி, அம்மா கையைப் பிடிச்சுக்குங்க. இன்னும் தைரியமா இருப்பாங்க."

யுகேந்திரன் கையை நீட்டினான்.

ஏரி மங்கியது. திரையே இருண்டுபோனது.

"என்ன ஆன்டி, மகன்தானே பக்கத்துல இருக்காரு. எதுக்குப் பயம்?"

இராஜம்மா மகனின் சட்டைக் கையைக் கீழே இழுத்து, மணிக்கட்டில் இருந்த விரதக் காப்பை மறைத்தாள். வீட்டில் மஞ்சள் கயிறு இல்லாததால் தன் பச்சைப் புடவைக் கரையைக் கிழித்து அவளே கட்டிவிட்ட காப்பு அது. குடைக்குள் இருப்பது யாரென்று தெரியாமல் பையைப் பறித்த கையிலும் அவள் அதைத்தான் பார்த்திருந்தாள்.