குட்டை டயர்

"பின்னால ரெண்டு சக்கரம் வெச்சும் உங்க பறக்கிற புத்தி போகலையே!" என்றாள் மனைவி.

போன வருஷம் பைக்கில் பறந்து விழுந்து, இடுப்பில் தகடோடு எழுந்தவர் அவர். வண்டியை விற்றுவிடு என்றார் டாக்டர். மகாராஜாவோ அதையே மூன்று சக்கர வண்டியாக மாற்றிக்கொண்டார். பின் டயர்கள் தேய்ந்துபோக, இப்போது டயர் கடையில் நிற்கிறார்.

"பழைய உயரத்துலயே போடவா சார், இல்ல இந்தக் குட்டை டயரா?" என்று கேட்டார் கடைக்காரர். "குட்டைன்னா முறுக்கினதும் சீறும்."

"ஐயோ, சீறவே வேண்டாம்! உயரமானதையே போடுங்க," என்று பதறினாள் மனைவி.

"டயருக்கும் வளையலுக்கும் வித்தியாசம் தெரியாதவ யோசனை சொல்ல வந்துட்டா! நீங்க குட்டையையே மாட்டுங்க."

மாட்டியதும் ஒரு சுற்றுப் போய்வந்தார். மீசை துடித்தது. "பார்த்தியாடி? மீட்டர்ல முள்ளு எண்பதைத் தொட்டுடுச்சு!"

அவர் கை கழுவ உள்ளே போனதும் மனைவி குரலைத் தாழ்த்தினாள். "நேத்து போன்ல பேசினபடியே முடிச்சுட்டீங்கண்ணே. நான் வேண்டாம்னாதான் அவருக்கு வேணும். நிஜ வேகம் எவ்வளவு?"

"அறுபத்தஞ்சைத் தாண்டாதும்மா. இந்த வண்டி மீட்டர் பின்சக்கரம் சுத்தறதை எண்ணி, பழைய டயர் உயரத்துக்குத்தான் கணக்குப் போடும். சக்கரம் சின்னதானது அதுக்குத் தெரியாது."

அவர் வந்து வண்டியைக் கிளப்பினார். பின்னால் ஏறியவள், கடைக்காரரைப் பார்த்துக் கண்சிமிட்டிவிட்டுத் தெருமுனைவரை கேட்கும்படி அலறினாள்:

"ஐயையோ, கொஞ்சம் மெதுவாப் போங்க!"