பூனை முடி

சாக்கின் வாயைக் கட்டச் சணல் கயிறுகூட எடுத்து வைத்துவிட்டான் குணசேகரன்.

"இன்னாமே பாத்துகினு கீற? பூனைய எட்தாந்து உள்ள போடு. அத்திப்பட்டாண்ட வுட்டுட்டு வந்துர்றேன்."

பூவம்மா அசையவில்லை. அவன் தோளில் சாய்ந்திருந்த ஏழு வயது மகள் மதி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். சிரப் கொடுத்தாயிற்று. அதில் அடங்காவிட்டால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

போன வாரம் டாக்டர் கெடு வைத்திருந்தார். "பூனை முடியாலகூட வீசிங் வரலாம்மா. தினம் சீவி, உதிர்ற முடியை வெளிய கொட்டுங்க. ஒரு வாரத்துல குறையலேன்னா பூனையை யாருக்காவது குடுத்துடுங்க."

பூவம்மா வேலை செய்யும் வீட்டில் கொடுத்த பூனை, பஞ்சு. முடி நீளமாக இருப்பதால் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சிக்கு விழுந்துவிடும். காலையும் மதியமும் வராந்தாவில் வெள்ளைத் துண்டு விரித்து, வலிக்காமல் விரலால் சிக்கைப் பிரித்து, பேன் சீப்பால் சீவினாள். ஒரு வாரமாக அவள் வேண்டாத சாமி இல்லை.

2001 மே மாதம், பள்ளிக்கூடம் விடுமுறை. இன்று பகல் முழுக்க மதி பஞ்சுவை மடியிலேயே வைத்துக்கொண்டு விளையாடினாள். ஒரு தும்மல்கூட இல்லை. அப்பாடா, பிழைத்தோம் என்றிருந்தது பூவம்மாவுக்கு.

ஆறு மணிக்குக் குணசேகரன் வந்தான். துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிறவன் என்றாலும் மகா சுத்தக்காரன். கீழே குழாயடியில் கை, கால், முகம் கழுவாமல் படியேற மாட்டான். வந்ததும் வழக்கம்போல் மகளை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பஞ்சுவும் அவன் மடியில் ஏறி உரசிக் கொஞ்சியது. கால் மணி நேரத்தில் இழுப்பு வந்துவிட்டது.

"பொண்ணு உசுரோட வெளாடாதமே. எனுக்கு மட்டும் இன்னா, அது மேல ஆசையில்லியா?" சாக்கை அவள் பக்கம் தள்ளினான்.

"ஒரே ஒரு தபா சீவிட்டுக் குட்த்துர்றேன்யா. போற எடத்துல அதுக்குச் சிக்கு எட்க்க யாரு கீறாங்க?"

துண்டை விரித்துச் சீவத் தொடங்கினாள். மதியம் வரை வெள்ளை முடி மட்டுமே விழுந்த துண்டில், இப்போது முடியோடு சேர்ந்து கறுப்பாய்ப் பொடி உதிர்ந்தது.

"பாத்தியா? எந்தக் கலீஜ்ல பொரண்டுட்டு வந்துச்சோ!"

"நாய்க்குப் பயந்துகினு இது வாசப்படியே தாண்டாதேய்யா..."

சொல்லிக்கொண்டே அந்தப் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தாள். நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். மதியின் வெள்ளை ஷிம்மியில், அப்பாவின் சட்டை பட்ட இடமெல்லாம் அதே கறுப்பு.

பூவம்மா பாய்ந்து எழுந்தாள். குழந்தையை அவன் தோளிலிருந்து பிடுங்கிக்கொண்டு கத்தினாள்.

"பூன வூட்லயே இருக்கட்டும்யா... நீ வெளிய போ!"