ஒரு பொட்டுப் பசை

"உங்க வீட்டுல ஒரு சமையல் குறிப்புப் புத்தகம்கூட கிடையாதே மாப்பிள்ளை. எப்படித்தான் பொழுது போகுது?"

கார் கடற்கரைச் சாலையில் திரும்பியதுமே எடிட்டர் ஆரம்பித்துவிட்டார். முப்பது வருஷம் ஒரு வாரப் பத்திரிகையை நடத்தி ஓய்வு பெற்றவர். அவருடைய நாக்கு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"நேரம் கிடைக்கறதில்ல மாமா," என்றார் மாப்பிள்ளை.

அவர் குளிர்பதனக் கிடங்குகளுக்கு மெஷின் மாட்டுகிற இன்ஜினீயர். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு மூன்று மணி நேரமாகக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் மாமனாரின் ஆசைக்காகத்தான். மகளும் மாப்பிள்ளையும் குடியிருக்கும் அந்த வெளிநாட்டின் பெரிய எழுத்தாளர் ஒருவர் வாழ்ந்த கடலோர வீட்டை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று எடிட்டர் ஒற்றைக்காலில் நின்றார்.

மகள் வீட்டுக்கு வந்து ஆறு வாரம். நாளை மறுநாள் விமானம். இத்தனை நாளில் மாப்பிள்ளையோடு பேசியதை எல்லாம் எழுதினால் ஒரு தபால் கார்டு நிரம்பாது. காலையில் கிளம்பும்போது மகள் கெஞ்சாத குறைதான்.

"ஊருக்குப் போறதுக்குள்ள அவர்கிட்ட மனசுவிட்டு ரெண்டு வார்த்தை பேசுங்கப்பா. கல்யாணமாகி எட்டு வருஷம் ஆச்சு. இன்னும் அசலார் மாதிரியே இருக்கீங்க. எனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கு தெரியுமா?"

பேசலாம்தான். கதை, கவிதை என்றாலே காத தூரம் ஓடுகிற மனுஷனிடம் என்னத்தைப் பேச? நம் பெண்ணுக்குப் போய் இப்படி ஒரு ரசனை கெட்ட ஆள் வாய்த்தாரே என்ற ஆற்றாமை எடிட்டருக்கு முதல் நாளிலிருந்தே உண்டு.

மியூசியத்தில் மரத்தரை தேயாமலிருக்க, ஷூவுக்கு மேலே போட்டுக்கொள்ளத் துணி உறை கொடுத்தார்கள். எடிட்டரால் குனிய முடியவில்லை. மாப்பிள்ளையே உட்கார்ந்து மாட்டிவிட்டார்.

முன்னறையில் எழுத்தாளரின் மேஜை, மூக்குக்கண்ணாடி, கடலைப் பார்த்த ஜன்னல். எடிட்டர் கைகட்டி நின்றுவிட்டார். மாப்பிள்ளை அதை எல்லாம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே உள்ளறைக்குப் போய் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றவர், அங்கிருந்து அசையவே இல்லை.

"என்ன மாப்பிள்ளை, அதுக்குள்ள ஏதாவது மெஷின் ஓடுதா?"

"திரும்பி வந்த கதை மாமா." கீழே அந்த ஊர் மொழியில் எழுதியிருந்ததை மாப்பிள்ளை படித்துச் சொன்னார். "சின்ன வயசுல ஒரு பத்திரிகைக்கு அனுப்பினதாம். நடுவுல ரெண்டு தாளை ஒரு பொட்டுப் பசை வெச்சு ஒட்டி அனுப்பியிருக்கார். அந்தப் பத்திரிகை எடிட்டர் படிச்சிருந்தா பிரிஞ்சிருக்கணும். ஒட்டினது ஒட்டினபடியே வந்திருக்கு. 'படித்தோம், பிரசுரிக்க இயலவில்லை'ன்னு ஒரு சீட்டோட."

"அடப்பாவி. படிக்காமலே படிச்சேன்னு சொல்றவன் அந்த நாற்காலில உட்கார லாயக்கே இல்ல."

சொல்லிவிட்டாரே தவிர, எடிட்டருக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. அவர் மேஜையிலும் வாரா வாரம் கதைகள் மலையாகக் குவியும். முதல் பக்கத்தில் நாலு வரி ஓட்டிவிட்டு ஒதுக்கிவிடுவார். வேலை நெருக்கிய வாரங்களில் அந்த நாலு வரியும் கிடையாது. அவர் முன்னதாகவே கையெழுத்துப் போட்டு வைத்திருந்த சீட்டைக் குத்தி, ஆபீசில் இருப்பவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்தப் பத்திரிகையில்தான் இது நடக்கவில்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

"நானும் ஒட்டியிருக்கேன் மாமா," என்றார் மாப்பிள்ளை, பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்களா? கதை எழுதினீங்களா?"

"காலேஜ் முடிச்ச புதுசுல. பதினோரு கதை. பதினொண்ணும் ஒட்டினபடியே திரும்பி வந்துது. அப்புறம் புத்தகத்தைத் தொடவே மனசு வரல."

"எந்த மடையன் அவன்? பேரைச் சொல்லுங்க."

"அது எதுக்கு மாமா இப்ப."

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக எடிட்டர் மாப்பிள்ளையின் முகத்தை நன்றாகப் பார்த்தார். இந்த மனுஷனையா ரசனை கெட்டவர் என்று நினைத்தோம்? வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மகள் கேட்ட ரெண்டு வார்த்தைக்கு ஒரு வழியாக வழி பிறந்துவிட்டது.

"வீட்டுக்குப் போனதும் அதையெல்லாம் எடுத்துக் குடுங்க மாப்பிள்ளை. நாளைக்குப் பூரா உட்கார்ந்து படிக்கிறேன். என் பேச்சைக் கேட்கிற பத்திரிகைக்காரங்க இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க."

"இல்ல மாமா. கல்யாணம் நிச்சயமான அன்னைக்கே எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"ஐயையோ, ஏன்?"

மாப்பிள்ளை தயங்கினார். சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தார். எடிட்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"பதினொண்ணுலயும் உங்க கையெழுத்துப் போட்ட சீட்டு இருந்துது மாமா. என்னைக்காவது உங்க கண்ணுல பட்டா, நீங்க சங்கடப்படுவீங்களேன்னுதான்."