நானூற்றுப் பன்னிரண்டு நாள்

“இவனை அனுப்பினா என் வலது கைய வெட்டின மாதிரி சார்” என்றார் பிரிவு மேலாளர். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொது மேலாளர் அசரவில்லை. “காலையில கேட்ல குடிச்சிருக்கானான்னு பாக்குற மெஷின்ல ஊதினான், சிவப்பு லைட் எரிஞ்சுது. இருபது டன் இரும்பை ஆளுங்க தலைக்கு மேல கொண்டுபோறவன். கீழ நிக்கிறவன் வீட்டுக்கு நீங்களா போய்ப் பதில் சொல்லுவீங்க?”

கிரேன் ஓட்டுநர் தொப்பியைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றார். பதினாறு வருட வேலை. படிக்கிற பெண்கள் இரண்டு பேர்.

“ஒரு வழி இருக்கு” என்று பர்சனல் அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “குடியை விட முடியல, உதவி பண்ணுங்கன்னு மாட்டிக்கிறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்திருந்தா வேலை போகாது. மூணு மாசம் சிகிச்சை. அந்தப் பிரிவு வாசல்ல குடிப் பிரச்சினை இல்லாத நாளை எண்ணி எழுதுற பலகை மட்டும் பூஜ்யத்துக்கு வந்துடும், அவ்வளவுதான்.”

“குடிகாரனுக்குத் தாலாட்டு! சரி, விதின்னா விதி. எழுதிக் குடுத்திருக்கானா பாருங்க” என்றார் பொது மேலாளர்.

கோப்பில் ஒன்றுமில்லை.

“அடப்பாவி, ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? தலையில வச்சுத் தூக்கிட்டு வந்திருப்பேனே!” பிரிவு மேலாளர் மேசையில் அடித்தார்.

ஓட்டுநர் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“ஏம்பா, ஏதாவது சொல்லணுமா?” என்றார் பொது மேலாளர்.

“இல்லீங்க.”

பணிநீக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

பிரிவு மேலாளர் ஓட்டுநரின் தோளில் கைபோட்டு வெளியே கூட்டி வந்தார். பட்டறை வாசலில் பலகை தொங்கியது: ‘குடிப் பிரச்சினை இல்லாத நாட்கள் – 412.’ தினமும் காலையில் பிரிவு மேலாளரே சாக்பீஸால் எழுதுவது.

“ஐநூறு ஆனா நம்ம பிரிவுக்குத்தான் ஷீல்டு. இன்னும் எண்பத்தெட்டு நாள்தான் இருந்துச்சு, கெடுத்துட்டியேப்பா” என்று, கண்ணைத் துடைத்த அதே கைக்குட்டையால் எண்ணை அழித்தார். “மனசுல எதுவும் வச்சுக்காத. என்னால முடிஞ்ச மட்டும் பேசினேன்.”

ஓட்டுநர் தொப்பியை அவர் கையில் கொடுத்தார்.

“மூணு மாசம் முன்னாடி உங்ககிட்ட எழுதிக் குடுத்தேனே சார்... நீங்களே சொல்லுவீங்கன்னுதான் உள்ள நான் வாயத் திறக்கல.”