மூன்றாவது ராணி

1957 ஆகஸ்டு 9, வெள்ளிக்கிழமை. விழுப்புரத்தில் ஓர் ஆபீஸில் சாப்பாட்டு இடைவேளை ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியும் முடியவில்லை. மேனேஜர் சுப்பராயலு, கிளார்க் அமலதாஸிடம் செஸ்ஸில் தோற்றுக்கொண்டிருந்தார்.

"யோவ், ராணியை வெட்டுக் குடுத்துட்டுக் குதிரையால செக்மேட் வைய்யா! எவ்ளோ அழகா இருக்குது பாரு!" என்று மேனேஜரே கெஞ்சினார்.

"இருக்கட்டுங்க சார்" என்று அமலதாஸ் ஒரு சிப்பாயை வெட்டினார்.

பக்கத்து மேஜை பாண்டுரங்கன் அமலதாஸ் பக்கம் சாய்ந்தார். "இன்னாய்யா பண்ணிக்கினு இருக்கே? ஜல்தி முடி. கோவம் வந்தா ஊரை விட்டே தூக்கிடுவாரு" என்று கிசுகிசுத்தார்.

அமலதாஸ் காதில் வாங்கவில்லை. மேனேஜரின் ராஜாவைத் தனியாக ஓடவிட்டு, சிப்பாய்களை ஒவ்வொன்றாக நகர்த்தி ராணியாக்கினார். மூன்றாவது ராணிக்குக் காய் இல்லாததால் இங்க் புட்டி மூடியை வைத்தார்.

"இது ஆட்டமாய்யா? மல்லாட்டைக் கொல்லையில பன்னி பூந்த மாதிரி!" மேனேஜர் பலகையைத் தள்ளினார். மேஜை டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை உருவிக் கையெழுத்துப் போட்டு, பாண்டுரங்கனிடம் வீசினார். "இந்த ஆளு இனிமே என் கண்ணுல படக்கூடாது!"

பாண்டுரங்கன் எடுத்துப் படித்தார். மனைவி ஞானமேரி டீச்சராக இருக்கும் திண்டிவனத்துக்கே மாற்றல் கேட்டு அமலதாஸ் எழுதிக்கொடுத்த மனு அது. தேதி, போன செப்டம்பர்.

"தோத்தும் பாத்தேன், அழகா ஜெயிச்சும் பாத்தேன்" என்றார் அமலதாஸ் மெதுவாக. "ரெண்டுக்கும், 'உன்ன மாதிரி ஆளை வுடுவேனா'ன்னுட்டாரு."

திங்கட்கிழமை காலை அவர் திண்டிவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.