புரொபேஷன் காவலாளி

பாடாலூர் மிராசுதார் அமிர்தலிங்கம் எதையும் சர்க்கார் முறைப்படி செய்கிறவர். அவருடைய ஒன்றுவிட்ட தம்பி திருச்சியில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. அங்கே புதிதாகச் சேருகிறவர்களைச் சில மாதம் வேலை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, தன் மாட்டுத் தொழுவத்திலும் அந்த முறையைக் கொண்டுவந்துவிட்டார்.

"மூணு மாசம் புரொபேஷன். அதுவரைக்கும் சோறு மட்டுந்தான். தேறிட்டீன்னா வருஷத்துக்குப் பன்னண்டு கலம் நெல்லு, இருக்க ஒரு வூடு" என்று புதுக் காவலாளி கொளஞ்சியிடம் சொன்னார்.

நெல்லைக் கண்ணால் பார்க்கவே பெர்மிட் வேண்டியிருந்த யுத்த காலம் அது. மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்த கொளஞ்சி, அந்த வார்த்தை புரியாவிட்டாலும் தலையை ஆட்டிவைத்தான்.

மூன்று மாதம் முடிய இரண்டே நாள் இருந்தபோது, ஒரு காலையில் தொழுவம் காலியாக இருந்தது. ஜோடிக் காளைகளைக் காணோம்.

"தூங்கினியாடா?"

"ஒரு நாழி கண்ணசந்துட்டேங்க."

"ஒரு நாழியா? அதுக்குள்ள ஜப்பான்காரன் வந்து ஊரையே புடிச்சிருப்பான்."

ஏட்டு அழகேசன் சைக்கிளில் வந்து இறங்கினார். தொழுவத்தைச் சுற்றிப் பார்த்தார். மாடு கட்டும் கயிறு அறுபடவில்லை. படலும் உடையவில்லை.

"நிதானமா அவுத்து ஓட்டிட்டுப் போயிருக்கான். பழகின ஆளுதான்" என்று சொல்லிவிட்டு, கொளஞ்சியை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்ப்பா, கூட்டாளிங்க எத்தனை பேரு?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"லாடம் கட்டினா தெரியும். கூட்டிட்டுப் போகட்டுங்களா?"

அமிர்தலிங்கம் கையை உயர்த்தித் தடுத்தார். "வேண்டாம் ஏட்டய்யா. போனது என் மாடு. அதுக்காக ஒரு புள்ளகுட்டிக்காரன் செயிலுக்குப் போகக் கூடாது. ஊர் பேர் தெரியாத திருடன்னு எழுதிக்குங்க."

ஏட்டு அந்தப் பெருந்தன்மையில் உருகிப்போய், இன்னொரு செம்பு மோர் வாங்கிக் குடித்தார்.

கொளஞ்சிக்கு அன்றோடு சோறு நின்றது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவனை மிராசுதார் கூப்பிட்டார்.

"வேலை போச்சேன்னு பாக்காத. இதுலேருந்து எதாவது கத்துக்கிட்டுப் போ. அடுத்த எடத்துல உதவும்."

"சரிங்க. கத்துக்கிறேன்" என்றான் கொளஞ்சி.

எட்டாம் நாள் காலையில் அவன் திரும்பி வந்தான். அந்த நேரம் ஏட்டும் அங்கேதான் இருந்தார். மாடு கிடைக்கவில்லை என்ற நல்ல சேதியைச் சொல்லிவிட்டு மோருக்காகக் காத்திருந்தார்.

"துப்புக் கிடைச்சிருக்குங்க" என்றான் கொளஞ்சி.

அந்தப் பக்கத்தில் மாடு களவு போனால் அதை மீட்க ஒரு நடைமுறை உண்டு. துப்புச் சொல்கிறவன் கேட்கும் கூலிக்குச் சம்மதிக்க வேண்டும். மறுநாளே மாடு ஏதாவது ஒரு தோப்பில் கட்டிக் கிடக்கும். யார் கட்டியது என்று கேட்பது மரியாதை இல்லை.

ஏட்டு எழுந்து பெல்ட்டை இறுக்கினார். "நான் அன்னைக்கே சொல்லல? திருடினவனே துப்புக்கூலிக்கு வந்துட்டான். அய்யா ஒரு வார்த்தை சொல்லுங்க, விலங்கு மாட்டிடறேன்."

"இருங்க ஏட்டய்யா." மிராசுதார் கொளஞ்சி பக்கம் திரும்பினார். "மாடு இப்ப எங்க இருக்கு?"

"அது தெரியாதுங்க. முந்தாநாள் வரைக்கும் எங்க இருந்துச்சுன்னுதான் தெரியும். ஏட்டய்யா முன்னாலேயே சொல்லட்டுங்களா?"

"வேண்டாம்" என்றார் மிராசுதார். விசிறியை எடுத்து விசிறிக்கொண்டார். மார்கழி மாதம் அது.

"கூலி என்ன கேக்குறாங்க?"

"காசு பணம் ஒண்ணும் வேண்டாமாம். கொளஞ்சி வேலையை நெரந்தரமாக்கிடணுமாம். பன்னண்டு கலம் நெல்லு, பேசினபடி வூடு. அப்புறம் அந்த புரோ... அது இனிமே யாருக்கும் வைக்கக் கூடாதாம்."

"யாருடா கேக்குறது?" என்று ஏட்டு உறுமினார்.

"துப்புச் சொன்னவருதாங்க. ஆளு பேரைச் சொல்லல. என் மேல ரொம்பக் கரிசனமுள்ள ஆளு."

ஏட்டு இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார். மிராசுதார் அதைப் பார்த்தார். கொளஞ்சியைப் பார்த்தார். விசிறியைக் கீழே வைத்தார்.

"அதை உள்ள வைங்க ஏட்டய்யா. மாடு தானா வந்து சேர்ந்துட்டுதுன்னு எழுதிடுங்க. கொளஞ்சி, நாளையிலேருந்து வேலைக்கு வா. பொண்டாட்டி புள்ளைங்களையும் கூட்டிக்க."

"அய்யா, இவ்வளவு நல்லவரா இருக்காதீங்க. எவன் வேணாலும் ஏமாத்திடுவான்" என்று ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார்.

வேறு என்னதான் செய்வார் அமிர்தலிங்கம்? நிரந்தரமாக்கும் நாளுக்கு முன்னால் காவலாளியைக் கழற்றிவிட வேண்டுமென்று தன் கையாலேயே அவிழ்த்து ஓட்டிப்போய், செட்டிகுளத்து மைத்துனர் தொழுவத்தில் ஒளித்துக் கட்டிய காளைகள் அங்கிருந்து நிஜமாகவே களவு போய்விட்டதை எந்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பார்?